போன் பேட்டரியை வீட்டிலேயே மாற்றலாமா? - 2007-ல் முடிந்தது, இன்று ஏன் முடியவில்லை?

"காலையில ஃபுல் சார்ஜ் போட்டேன்... மதியம் சாப்பிட உட்காரும்போது 15 சதவிகிதம்தான் இருக்கு!"

இந்தப் புலம்பலை உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பீர்கள். போன் வாங்கி இரண்டு, மூன்று வருஷம் ஆகியிருக்கும். ஸ்க்ரீனில் கீறல் இல்லை, கேமரா நன்றாகத்தான் இருக்கிறது, ஆப்களும் ஓடுகின்றன. பேட்டரி மட்டும் நிக்க மாட்டேங்குது. சர்வீஸ் சென்டரில் விசாரித்தால் ஒரு தொகை சொல்கிறார்கள். தெருமுனை மொபைல் கடையில் அதைவிடக் குறைவாகச் சொல்கிறார்கள். ஆன்லைனிலோ பேட்டரியோடு குட்டி ஸ்க்ரூ டிரைவர், நெம்பி எடுக்க பிளாஸ்டிக் துண்டு, பசை எல்லாம் சேர்த்து ஒரே பாக்கெட்டாகக் கிடைக்கிறது. வீடியோவில் ஒருவர் பத்தே நிமிஷத்தில் மாற்றிக் காட்டுகிறார். 'நாமே மாத்திட்டா என்ன?' என்று தோன்றுவது இயல்புதான்.

ஆனால், 'தாராளமா மாத்தலாம்' என்றோ 'கையே வைக்காதீங்க' என்றோ ஒரே வரியில் இதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. உங்களுக்குக் கைப்பழக்கம் இருக்கிறதா என்பதைவிட, அந்த போனை வடிவமைத்தவர்கள் என்ன முடிவெடுத்தார்கள் என்பதே பதிலைத் தீர்மானிக்கிறது. அந்த முடிவை மாற்றச் சொல்லித்தான் ஐரோப்பா இப்போது சட்டம் போட்டிருக்கிறது. இந்தியாவிலும் பேச்சு தொடங்கியிருக்கிறது. நம் பாக்கெட்டைத் தொடும் விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம்.

நோக்கியாவும் நோட் 7-ம்: இரண்டு சம்பவங்கள்

2007 ஆகஸ்ட் மாதம் ஞாபகம் இருக்கிறதா? 'நோக்கியா பேட்டரி வெடிக்குதாம்' என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. நோக்கியா 1100, 6600 என அப்போது பலர் கையிலும் இருந்த மாடல்களில் இருந்தது பிஎல்-5சி என்ற பேட்டரி. அதில் ஒரு குறிப்பிட்ட காலத்தில் மட்சுஷிட்டா நிறுவனம் தயாரித்துக் கொடுத்தவை, சார்ஜ் ஏறும்போது சில நேரம் அளவுக்கு மீறிச் சூடாகலாம் என்று நோக்கியாவே அறிவித்தது. அப்படிப்பட்ட பேட்டரிகள் உலகம் முழுக்க 4.6 கோடி.

மக்கள் என்ன செய்தார்கள்? போனின் பின்மூடியை நகத்தால் தள்ளித் திறந்தார்கள். பேட்டரியை எடுத்து அதன்மீது இருந்த எண்ணைப் பார்த்தார்கள். அது சிக்கலான பேட்டரி என்றால் இலவசமாக வேறு வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். போனுக்கு ஒன்றும் ஆகவில்லை. காண்டாக்ட், மெசேஜ் எல்லாம் அப்படியே இருந்தன. ஸ்க்ரூ டிரைவர்கூடத் தேவைப்படவில்லை.

ஒன்பது வருஷம் கழித்து, 2016-ல் சாம்சங்கின் கேலக்ஸி நோட் 7. இங்கேயும் சிக்கல் பேட்டரியில்தான். ஆனால், அந்த பேட்டரி போனுக்குள் வைத்து மூடப்பட்டிருந்தது. அதனால் பேட்டரியை மட்டும் திரும்பப் பெற வழியில்லை. முதல்கட்டமாக விற்ற சுமார் 25 லட்சம் போன்களையே சாம்சங் திரும்ப அழைத்தது. மாற்றாகக் கொடுத்த போன்களிலும் தீப்பிடிக்க, அக்டோபரில் அந்த மாடலின் தயாரிப்பையே நிறுத்தியது. அமெரிக்காவில் நோட் 7-ஐ விமானத்தில் கொண்டு செல்லவே தடை வந்தது. இரண்டு நிறுவனங்கள் தயாரித்த பேட்டரிகளில் இரண்டு விதமான குறைகள் இருந்ததுதான் காரணம் என்று 2017 ஜனவரியில் சாம்சங் விளக்கம் சொன்னது.

இரண்டுமே பேட்டரிக் கோளாறுதான். முதல் சம்பவத்தில் மக்கள் பேட்டரியைக் கழற்றி மாற்றினார்கள். இரண்டாவதில் போனையே தூக்கிப்போட வேண்டியிருந்தது. இடைப்பட்ட ஒன்பது வருஷத்தில், பேட்டரி நம் கையை விட்டுப் போயிருந்தது.

ஏன் ஒட்டிவிட்டார்கள்?

இதில் கம்பெனிகள் பக்கமும் நியாயம் இருக்கிறது. கழற்றி மாட்டும் பேட்டரி நம் விரலில் அழுந்தும், கீழே விழும், சட்டைப் பையில் சாவியோடு சேர்ந்து கிடக்கும். அதற்கெல்லாம் தாங்க வேண்டும் என்றால் மேலே கெட்டியான பிளாஸ்டிக் உறை தேவை. அந்த உறைக்கும், பின்மூடிக்கும், இரண்டையும் பிடித்துவைக்கும் சட்டகத்துக்கும் போனுக்குள் இடம் போய்விடும். பேட்டரியை நேரடியாக உள்ளே ஒட்டிவிட்டால், மெல்லிய அலுமினியத் தாள் உறையே போதும். மிச்சமாகும் இடத்தில் பேட்டரியைப் பெரிதாக்கலாம், போனை ஒல்லியாக்கலாம். பின்பக்கம் கண்ணாடி வைத்தால் வயர்லெஸ் சார்ஜிங் தரலாம். தண்ணீர் புகாமல் தடுப்பதும் சுலபம்.

2007-ல் வந்த முதல் ஐபோனிலேயே பேட்டரியைப் பயனாளர் கழற்ற முடியாது. அன்றைக்கு அதைக் கிண்டல் செய்தவர்கள் உண்டு. சில வருஷங்களில் மற்ற நிறுவனங்களும் அதே வழிக்கு வந்துவிட்டன. சாம்சங்கின் கேலக்ஸி எஸ் வரிசையில் பேட்டரியைக் கழற்றக்கூடிய கடைசி மாடல் 2014-ல் வந்த எஸ்5. அடுத்த ஆண்டு வந்த எஸ்6-ல் கண்ணாடி முதுகு, உள்ளே ஒட்டிய பேட்டரி.

அந்த எஸ்5 பற்றி இன்னொரு தகவலும் இருக்கிறது. அது தண்ணீரைத் தாங்கும் ஐபி67 தரச்சான்று பெற்ற போன். பின்மூடியின் உட்புறம் ஓடும் ஒரு ரப்பர் விளிம்புதான் தண்ணீரைத் தடுத்தது. 'தண்ணீர் புகக் கூடாதுன்னா பேட்டரியை ஒட்டித்தான் ஆகணும்' என்று இன்றைக்கு யாராவது சொன்னால், 2014-லேயே வேறு மாதிரி செய்து காட்டியிருக்கிறார்கள் என்று நீங்கள் சொல்லலாம். கண்ணாடி அழகா, ஒல்லியான உடம்பா, ரிப்பேர் செய்யும் வசதியா என்று பார்த்ததில், கடைசியில் உள்ளதை விட்டுவிட்டார்கள். அவ்வளவுதான்.

பேட்டரிக்கு வயசாவது எப்படி?

லித்தியம் அயான் பேட்டரியை விற்பனைக்கு முதலில் கொண்டுவந்தது சோனி, 1991-ல். அதை உருவாக்கியதற்காக குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் பேட்டரியின் அடிப்படைக் குணம், ஒவ்வொரு முறை சார்ஜ் ஏறி இறங்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும் என்பது. தொட்டியின் அடியில் சேறு படியப் படியக் கொள்ளளவு குறைவது மாதிரி. முழு சார்ஜ் சுழற்சி 500 தாண்டும்போது கொள்ளளவு 80 சதவிகிதம் இருக்கும் என்பதுதான் நீண்ட நாள்களாக இருந்துவந்த கணக்கு. அண்மைக்கால மாடல்கள் சிலவற்றில் இதை 1,000 சுழற்சிகள் வரை நீட்டியிருக்கிறார்கள். இங்கே ஒரு சுழற்சி என்பது மொத்தமாக 100 சதவிகிதம் செலவழிப்பது. இன்று பாதி, நாளை பாதி செலவழித்தாலும் கணக்கில் ஒன்றுதான்.

கொள்ளளவு குறைவதோடு, பேட்டரியின் உள் மின்தடையும் கூடுகிறது. தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, குழாய் அடைத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 சதவிகிதம் காட்டிக்கொண்டிருந்த போன், கேமராவைத் திறந்ததும் பொசுக்கென்று அணைந்துபோவது இதனால்தான். ஒரே நேரத்தில் அதிக மின்சாரம் கேட்டால் பழைய பேட்டரியால் கொடுக்க முடிவதில்லை.

நம்ம ஊர் வெயில் வேறு இதைத் துரிதப்படுத்தும். 35 டிகிரிக்கு மேல் சூடான இடத்தில் போனைப் பயன்படுத்தாதீர்கள் என்கிறது ஆப்பிளின் அறிவுரை. வேலூரிலும் மதுரையிலும் ஏப்ரல், மே மாதங்களில் 35 டிகிரிக்குக் கீழே இடம் தேட வேண்டும். பைக் ஹேண்டிலில் போனை மாட்டி, வெயிலில் மேப்பைப் பார்த்துக்கொண்டே நாள் முழுக்க ஓட்டும் டெலிவரி ஊழியரின் பேட்டரி, ஏசி அறையில் இருக்கும் பேட்டரியைவிடச் சீக்கிரம் தளர்ந்துபோகும். அவருக்கு போன் நின்றால் அன்றைய ஆர்டர் நிற்கும். பேட்டரி மாற்றும் செலவும் காத்திருக்கும் நேரமும் அதிகம் வலிப்பது அப்படிப்பட்டவர்களுக்குத்தான்.

பேட்டரி மாற்றினால் யாருக்கு நஷ்டம்?

2017 டிசம்பரில் ஒரு விஷயம் வெளியே வந்தது. பேட்டரி பழசாகிப்போன சில ஐபோன் மாடல்களின் வேகத்தை, சாஃப்ட்வேர் அப்டேட் மூலம் ஆப்பிள் குறைத்திருந்தது. போன் திடீரென அணைந்துபோவதைத் தடுக்கவே அப்படிச் செய்ததாக நிறுவனம் விளக்கம் சொன்னது. தொழில்நுட்ப ரீதியில் அந்தக் காரணம் சரிதான். ஆனால், பயனாளர்களிடம் தெளிவாகச் சொல்லாததுதான் பிரச்னையானது. 'போன் ஸ்லோ ஆகிடுச்சு, புதுசு வாங்கணும்' என்று எத்தனையோ பேர் நினைத்திருப்பார்கள். பேட்டரியை மாற்றினாலே போன் பழைய வேகத்துக்கு வந்திருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

எதிர்ப்பு வலுத்ததும், வாரன்ட்டி முடிந்த போன்களுக்கு பேட்டரி மாற்றும் கட்டணத்தை அமெரிக்காவில் 79 டாலரில் இருந்து 29 டாலராக ஆப்பிள் குறைத்தது. 2018 முழுக்க இந்தச் சலுகை இருந்தது. பிறகு நடந்ததுதான் முக்கியம். 2019 ஜனவரியில் முதலீட்டாளர்களுக்கு எழுதிய கடிதத்தில், வருமானம் எதிர்பார்த்ததைவிடக் குறையும் என்று அறிவித்தார் ஆப்பிளின் தலைமைச் செயல் அதிகாரி டிம் குக். சீனப் பொருளாதாரம் உள்ளிட்ட காரணங்களை அடுக்கியவர், குறைந்த விலையில் பேட்டரி மாற்றிக்கொண்டவர்கள் புது போன் வாங்காததையும் அவற்றில் ஒன்றாகச் சேர்த்திருந்தார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பேட்டரியைச் சுலபமாக, மலிவாக மாற்ற முடிந்தால் மக்கள் போனை இன்னும் சில காலம் வைத்துக்கொள்வார்கள் என்பது இதிலிருந்தே தெரிகிறது. அதனால் குறைவது புது போன் விற்பனை. ஒட்டிய பேட்டரிக்கு எத்தனை தொழில்நுட்பக் காரணங்கள் சொன்னாலும், இந்தக் கணக்கையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அந்த வேகக்குறைப்பு விவகாரத்தில் 2020-ல் பிரான்ஸ் 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. அமெரிக்காவில் பயனாளர்கள் தொடுத்த வழக்கில், அதிகபட்சம் 50 கோடி டாலர் வரை தர ஆப்பிள் ஒப்புக்கொண்டது.

வீட்டில் திறந்தால் என்ன நடக்கும்?

சரி, நம் கேள்விக்கு வருவோம். இன்றைய கண்ணாடி முதுகு போன் ஒன்றை வீட்டில் திறப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதலில் விளிம்பைச் சூடாக்கிப் பசையை இளக வைக்க வேண்டும். சூடு குறைந்தால் பசை விடாது, கூடினால் ஸ்க்ரீனுக்கும் பேட்டரிக்கும் ஆபத்து. பிறகு மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி ஓரமாக அறுத்துக்கொண்டே வர வேண்டும். கண்ணாடி விரிசல் விடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். உள்ளே நூல்போல மெல்லிய கேபிள்கள் இருக்கும். மூடியை வேகமாகத் தூக்கினால், கைரேகை சென்சாருக்கோ பட்டனுக்கோ போகும் கேபிள் அறுந்துவிடும். ஸ்க்ரூக்கள் ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் இருக்கும். இடம் மாற்றி முடுக்கினால் போர்டில் துளை விழவும் வாய்ப்புண்டு.

இவ்வளவும் கடந்துதான் பேட்டரியை அடைவீர்கள். அதுவும் பசையில் ஒட்டிக்கொண்டிருக்கும். சில மாடல்களில் இழுத்தால் கழன்று வரும் நாடா வைத்திருப்பார்கள். பாதியில் அறுந்துவிட்டால் நெம்பித்தான் எடுக்க வேண்டும். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது. பேட்டரியின் உள்ளே நேர், எதிர் மின்முனைத் தாள்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. நடுவில் இருப்பது தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம். உள்ளே ஊறியிருக்கும் திரவம் தீப்பற்றக்கூடியது. உலோக முனை குத்தினாலோ, பேட்டரி மடங்கினாலோ அந்தப் படலம் கிழிந்து ஷார்ட் ஆகும். சூடு ஏறும், அந்தச் சூடே இன்னும் சூட்டைக் கிளப்பும். சில நொடிகளில் புகையும் தீயும் வரும். அந்தப் புகை நச்சுத்தன்மை கொண்டது.

எல்லாம் சரியாக முடிந்தாலும் ஒன்று மிச்சம் இருக்கும். தொழிற்சாலையில் ஒட்டிய தண்ணீர்த் தடுப்புப் பசை போய்விட்டது. புதுப் பசை போட்டாலும் அதே பாதுகாப்பு இருக்கும் என்று நம்பி போனைத் தண்ணீரில் நனைக்க முடியாது.

இது எவ்வளவு சிரமமான வேலை என்பதற்கு ஆப்பிளே ஒரு சாட்சி. 'நீங்களே ரிப்பேர் செய்யுங்கள்' என்ற திட்டத்தை 2022-ல் அமெரிக்காவில் தொடங்கியது. கருவிகளை ஒரு வாரத்துக்கு 49 டாலர் வாடகைக்குக் கொடுத்தார்கள். இரண்டு பெரிய பெட்டிகளில் வந்த அந்தக் கருவிகளின் மொத்த எடை சுமார் 36 கிலோ! ஒரு குட்டி பேட்டரியை மாற்ற, விமானத்தில் ஏற்றவே கூடுதல் கட்டணம் கேட்கும் அளவுக்கு லக்கேஜ்.

இன்னொரு தடையும் இருக்கிறது. பேட்டரியையும் போனையும் சாஃப்ட்வேர் மூலம் ஜோடி சேர்த்துவிடுவது. 2018-ம் ஆண்டிலிருந்து வந்த ஐபோன்களில் வெளியே பேட்டரி மாற்றினால், 'இது ஒரிஜினல்தானா என்று உறுதிசெய்ய முடியவில்லை' என்று செட்டிங்ஸில் செய்தி வரும். போன் வேலை செய்யும். ஆனால், மாற்றிக் கொடுத்த கடைக்கார அண்ணன் மேல் சந்தேகம் வந்துவிடும். "ஒரிஜினல்னு சொன்னீங்களே அண்ணே..?" என்று கேட்டால் அவர் என்ன பதில் சொல்வார்? சென்னை ரிச்சி தெருவில் இருந்து சின்ன ஊர்களின் பஸ் ஸ்டாண்ட் கடை வரை, கைத்தொழிலாக ரிப்பேர் கற்றுக்கொண்டு பிழைக்கும் ஆயிரக்கணக்கானவர்களின் நம்பகத்தன்மையை இப்படி ஒரு செய்தி கேள்விக்குள்ளாக்கிவிடுகிறது. அமெரிக்காவின் ஒரேகான் மாகாணம், இப்படி ஜோடி சேர்த்து ரிப்பேரைத் தடுப்பதற்கு எதிராக 2024-ல் சட்டமே இயற்றியது.

ஐரோப்பா என்ன சொல்கிறது?

ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த பேட்டரிச் சட்டத்தில் ஒரு முக்கியமான பிரிவு, 2027 பிப்ரவரி 18 முதல் நடைமுறைக்கு வருகிறது. கையில் எடுத்துச் செல்லும் சாதனங்களில் இருக்கும் சிறிய பேட்டரிகளைப் பயனாளரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்பதுதான் அது. அதற்குக் கடையில் கிடைக்கும் சாதாரணக் கருவிகள் போதும் என்ற நிலை இருக்க வேண்டும். சிறப்புக் கருவி தேவைப்பட்டால் அதைப் பொருளோடு இலவசமாகக் கொடுக்க வேண்டும். சூடாக்கியோ, ரசாயனம் ஊற்றியோ பிரிக்கும்படி வைக்கக் கூடாது. மாற்று பேட்டரி, அந்த மாடல் கடைசியாக விற்பனைக்கு வந்ததிலிருந்து ஐந்து வருஷமாவது நியாயமான விலையில் கிடைக்க வேண்டும். பேட்டரி மாற்றுவதை சாஃப்ட்வேர் வைத்துத் தடுக்கவும் கூடாது.

ஸ்மார்ட்போன்களுக்கும் டேப்லெட்டுகளுக்கும் தனி விதிகள் 2025 ஜூன் 20-லேயே அமலுக்கு வந்துவிட்டன. 800 சார்ஜ் சுழற்சிகளுக்குப் பிறகும் பேட்டரியில் 80 சதவிகிதக் கொள்ளளவு மிஞ்ச வேண்டும். அங்கே கடையில் போன் வாங்கினால், நம்ம ஊர் ஃபிரிட்ஜில் ஸ்டார் ஸ்டிக்கர் இருப்பது மாதிரி ஒரு லேபிள் இருக்கும். பேட்டரி எத்தனை சுழற்சி தாங்கும், ரிப்பேர் செய்வது எவ்வளவு சுலபம் என்பதை அதிலேயே பார்க்கலாம்.

'அப்போ மறுபடியும் நகத்தால் மூடியைத் திறக்கும் காலம் வந்துடுச்சா?' என்று அவசரப்பட வேண்டாம். 2025 விதியில் ஒரு விலக்கு இருக்கிறது. 1,000 சுழற்சிக்குப் பிறகும் 80 சதவிகிதம் தாங்கும் பேட்டரியும், தூசியும் தண்ணீரும் புகாத உடம்பும் இருந்தால், பயனாளரே மாற்றும்படி வடிவமைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. விலை உயர்ந்த போன்கள் இந்த வழியில் போக வாய்ப்பு அதிகம். ஆனாலும் மாற்றம் தெரியவே செய்கிறது. 2024-ல் வந்த ஐபோன் 16-ல், 9 வோல்ட் பேட்டரி அளவுக்கு மின்சாரம் கொடுத்தாலே பிடிமானத்தை விட்டுவிடும் புதுவிதப் பசை இருக்கிறது. நெதர்லாந்தின் ஃபேர்ஃபோன் 5, நகத்தால் மூடியைத் திறந்து பேட்டரி மாற்றும் இந்தக் காலத்து ஸ்மார்ட்போன். நம்ம ஊரில் அதிகாரபூர்வமாக விற்பனைக்கு இல்லை என்பதுதான் குறை.

நம்ம நாட்டில்?

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் 'ரிப்பேர் செய்யும் உரிமை' பற்றி ஆராயக் குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று அதற்கான இணையதளத்தைத் தொடங்கியது. சர்வீஸ் சென்டர், உதிரி பாகம், வாரன்ட்டி விவரங்களை நிறுவனங்கள் அதில் தருகின்றன. அடுத்து, ஒரு பொருளை ரிப்பேர் செய்வது எவ்வளவு சுலபம் என்று மதிப்பெண் கொடுக்கும் குறியீட்டை உருவாக்க 2024-ல் ஒரு குழு அமைக்கப்பட்டு, 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது. பிரான்ஸில் இப்படி ஒரு குறியீடு 2021 ஜனவரியிலேயே வந்துவிட்டது.

தகவல் தருவது நல்ல தொடக்கம்தான். ஆனால், சர்வீஸ் சென்டர் முகவரி தெரிவதும், பேட்டரியைச் சுலபமாக மாற்றும்படி போனைத் தயாரிக்கச் சொல்வதும் ஒன்றல்ல. ஸ்ரீபெரும்புதூரிலேயே ஐபோன்கள் தயாராகும் காலம் இது. தயாரிப்பு இங்கே, வாங்கும் கூட்டமும் இங்கே. அப்படியிருக்க, ரிப்பேர் உரிமை மட்டும் ஐரோப்பாவில் சட்டமாகவும் இங்கே இணையதளமாகவும் இருப்பது ஏன் என்ற கேள்வியை நாம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

சரி, இப்போ நீங்க என்ன செய்யணும்?

முதலில் பேட்டரிதான் பிரச்னையா என்று பாருங்கள். ஐபோனில் செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குள் அதன் ஆரோக்கிய அளவு இருக்கும். சாம்சங்கில் 'சாம்சங் மெம்பர்ஸ்' ஆப்பில் பரிசோதிக்கலாம். 80 சதவிகிதத்துக்குக் கீழே போயிருந்தால் மாற்றுவதில் அர்த்தம் இருக்கிறது. நன்றாக இருந்தால், பின்னணியில் ஓடும் ஆப்களைக் கவனியுங்கள்.

அப்டேட் காலத்தையும் பாருங்கள். உங்கள் போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் இன்னும் வருகிறது என்றால் பேட்டரிக்குச் செலவு செய்யலாம். அது நின்று வருஷக்கணக்கில் ஆகிவிட்டது என்றால், வங்கி ஆப் இருக்கும் போனுக்கு அது நல்லதல்ல. யோசித்துச் செய்யுங்கள்.

வீட்டிலேயே மாற்றக்கூடியவை: அம்மா, அப்பா வைத்திருக்கும் பட்டன் போன் மாதிரி பின்மூடி கழலும் எல்லாமே. போனை அணைத்துவிட்டு, அதே மாடல் எண் கொண்ட பேட்டரியைப் போடுங்கள், முடிந்தது. இந்தியாவில் விற்கும் லித்தியம் பேட்டரிகளுக்கு பிஐஎஸ் பதிவு கட்டாயம். பேட்டரியில் இருக்கும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணை 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். போலியைக் கண்டுபிடிக்க இது நல்ல வழி.

கைப்பழக்கம் உள்ளவர்கள் முயலக்கூடியவை: பிளாஸ்டிக் முதுகும், பேட்டரியைக் கழற்ற இழுநாடாவும் இருக்கும் மாடல்கள். உங்கள் மாடலுக்கான வழிமுறையை முழுதாகப் படித்த பிறகே தொடங்குங்கள். ஐஃபிக்ஸிட் தளத்தில் படங்களோடு இருக்கும். டேட்டாவை பேக்கப் எடுங்கள். சார்ஜை 25 சதவிகிதத்துக்குக் கீழே இறக்கிவிட்டுத் திறங்கள். சார்ஜ் குறைய இருந்தால் ஆபத்தும் குறையும். திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. நெம்புவதற்குப் பிளாஸ்டிக் மட்டும்தான், கத்தியும் பிளேடும் பக்கத்திலேயே வரக் கூடாது. கழற்றிய பேட்டரியைத் திரும்பப் போடாதீர்கள். குழந்தைகள் இருக்கும் இடத்திலோ மெத்தை மேலோ உட்கார்ந்து செய்யாதீர்கள்.

கடைக்கே கொடுக்க வேண்டியவை: கண்ணாடி முதுகு போன்கள், மடக்கும் போன்கள், வாரன்ட்டி உள்ளவை. கடையில் நான்கு கேள்வி கேளுங்கள். பேட்டரி கம்பெனி பாகமா, வேறு தயாரிப்பா? பில் தருவீர்களா? பேட்டரிக்கு எத்தனை மாத உத்தரவாதம்? புதுசாக ஒட்டும் பசை போடுவீர்களா? தயங்காமல் பதில் சொல்பவரிடம் கொடுங்கள். 'கம்பெனி பேட்டரி இல்ல தம்பி, ஆனா நல்ல பீஸ்' என்று வெளிப்படையாகச் சொல்லும் கடைக்காரர், எல்லாவற்றையும் 'ஒரிஜினல்' என்பவரைவிட நம்பத் தகுந்தவர்.

யாருமே வீட்டில் தொடக் கூடாதவை: உப்பிய பேட்டரி. பின்மூடி தூக்கிக்கொண்டிருந்தாலோ, ஸ்க்ரீன் ஓரம் விலகியிருந்தாலோ உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றும் 'ஐடியா' வேண்டவே வேண்டாம். போனை அணைத்து, தீப்பற்றும் பொருள் இல்லாத இடத்தில் வைத்து, கூடிய சீக்கிரம் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். புகை வந்தால் விலகி வெளியே வந்து, தீயணைப்புத் துறையை 101 அல்லது 112-ல் அழையுங்கள்.

பழைய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள். குப்பை லாரியில் அழுத்தப்படும்போது அது தீப்பிடிக்கும். அதில் முதலில் மாட்டுவது நம் தெருவின் தூய்மைப் பணியாளர்கள். முனைகளில் டேப் ஒட்டி, பேட்டரி மாற்றிய கடையிலோ மின்கழிவு சேகரிக்கும் இடத்திலோ கொடுங்கள். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பேட்டரியை மற்ற குப்பையோடு சேர்க்காமல் தனியாகக் கொடுப்பது பயனாளரின் பொறுப்பு. அதைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு.

உதிரி பாகம் இல்லை என்று கையை விரித்தாலோ, வாரன்ட்டியைக் காரணமில்லாமல் மறுத்தாலோ தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். ரிப்பேர் பற்றிய புகார்கள் நிறையப் பதிவானால்தான், இது மக்களின் பிரச்னை என்று அரசுக்கும் தெரியும்.

கடைசியாக ஒன்று. அடுத்த போன் வாங்கப் போகும்போது கேமரா எத்தனை மெகாபிக்ஸல், சார்ஜ் எத்தனை வாட் என்று கேட்பீர்கள் அல்லவா? அதோடு, "மூணு வருஷம் கழிச்சு இதுக்கு பேட்டரி மாத்த எவ்வளவு ஆகும், எங்கே மாத்தலாம்?" என்றும் கேளுங்கள். முதலில் கேட்கும்போது கடைக்காரர் விழிக்கத்தான் செய்வார். பத்தாவது ஆளும் அதையே கேட்டால் கம்பெனி பிரதிநிதியிடம் சொல்வார். போனை எப்படி வடிவமைக்க வேண்டும் என்ற பேச்சு அங்கிருந்தும் தொடங்கலாம்.